லோயிஸ் வெபர் படங்களை எடுத்தது அவரா, அவர் கணவரா?

மார்ச் 2, இரவு 9:40, ஒரு வாசகரின் கேள்வி

பேசாப்படக் காலத்து அமெரிக்கப் பெண் இயக்குநர் லோயிஸ் வெபர் என்று இப்போது எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். ஆனால் ஆரம்ப காலத்துப் படங்கள் பலவற்றில் கணவன், மனைவி இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே வருகிறது. "ஸ்மாலி தம்பதி" என்றுதான் அன்றைய விளம்பரமே. கணவர் ஃபிலிப்ஸ் ஸ்மாலி நாடக மேடையில் ஊறியவர். 1922இல் விவாகரத்து ஆனதும் வெபரின் படங்களும் நின்றுவிடுகின்றன. அப்படியானால் உண்மையில் இயக்கியது யார்?

மார்ச் 2, இரவு 11:15

ஒரே ஒரு திருத்தம் மட்டும் இப்போது, மீதி நாளைக்கு. விவாகரத்தோடு படங்கள் நிற்கவில்லை. 1923இல் ஒன்று, 1926இல் ஒன்று, 1927இல் இரண்டு, 1934இல் ஒன்று என்று வந்திருக்கின்றன. குறைந்துபோயின, அது உண்மை. ஆனால் ஸ்மாலியைப் பாருங்கள். பிரிந்த பிறகு அவர் நடிகராகவே காலம் தள்ளினார், அதுவும் பெரும்பாலும் துணை வேடங்களில். மூளை அவருடையது என்றால் அந்த மூளை அதற்கப்புறம் படம் எடுத்திருக்க வேண்டுமே.

மார்ச் 3, காலை 6:50

ராத்திரி கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன். கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. ஆரம்ப வருடங்களில் இரண்டு பேரும் சேர்ந்தே உழைத்தார்கள், சேர்ந்தே நடித்தார்கள். 1914இல் எடுத்த 'தி மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' படத்தில் வெபர் போர்ஷியா, ஸ்மாலி ஷைலாக். ஆகவே "கணவர் சும்மா நின்றார்" என்று நான் சொல்லவரவில்லை. யார் எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எழுதியது வெபர். தான் எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரைக்கதையும் அவருடையதுதான். அந்தக் காலத்தில் ஒரு ரீல் படத்துக்கு, அதாவது பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடும் படத்துக்கு, திரைக்கதை என்றால் சில பக்கம். அந்தச் சில பக்கத்திலேயே எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, யார் அதைப் பார்க்கிறார்கள் என்பது வரை முடிவாகிவிடும்.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறந்தது 1879, பென்சில்வேனியாவில் அலெகெனி என்ற ஊர். இப்போது அது பிட்ஸ்பர்க் நகரத்துக்குள் போய்விட்டது. பக்தியான குடும்பம். இளம் வயதில் தேவாலய ஊழியக்காரர்களோடு சேர்ந்து தெருமுனையில் நின்று பாட்டுப் பாடிப் பிரசங்கம் செய்தவர். பியானோ கலைஞராக ஊர் ஊராகவும் போயிருக்கிறார். ஒரு கச்சேரியில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பியானோவின் கறுப்புக் கட்டை ஒன்று கையோடு வந்துவிட்டதாம், அன்றோடு தைரியம் போய்விட்டது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அப்புறம் நாடகம். அங்கேதான் ஸ்மாலியைப் பார்த்தார், 1904இல் கல்யாணம். அப்புறம் கோமோன் கம்பெனியின் அமெரிக்கக் கிளை. ஒலித்தட்டோடு படத்தைச் சேர்த்து ஓட்டும் கருவிக்காக அந்தக் கம்பெனி குட்டிப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தது. எழுதுவது, நடிப்பது, இயக்குவது எல்லாம் அங்கே பழகியதுதான்.

தெருமுனைப் பிரசங்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது திரும்ப வரும்.

மார்ச் 3, இரவு 10:05

'சஸ்பென்ஸ்' பார்க்காதவர்கள் முதலில் அதைப் பாருங்கள். 1913, ரெக்ஸ் கம்பெனி, சுமார் பத்து நிமிஷம்தான். வெபரே நாயகி.

கதை ஒன்றுமில்லை. ஊருக்கு வெளியே தனி வீடு. வேலைக்காரப் பெண் சீட்டு எழுதி வைத்துவிட்டு, சாவியை மிதியடிக்குக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். வீட்டில் தாயும் கைக்குழந்தையும் மட்டும். நாடோடி ஒருவன் சுற்றிச் சுற்றி வருகிறான். அவள் அலுவலகத்தில் இருக்கும் கணவனுக்குப் போன் செய்கிறாள். அந்த இடத்தில் திரை மூன்று முக்கோணங்களாகப் பிரிகிறது. நடுவில் கணவன், ஒரு பக்கம் அவள், மறுபக்கம் உள்ளே நுழையும் அந்த ஆள். பேசுகிறவளும் கேட்கிறவனும், இருவருக்கும் தெரியாமல் நெருங்குகிறவனும் ஒரே சட்டத்துக்குள். வெட்டி வெட்டிக் காட்டியிருந்தால் பதற்றம் வந்திருக்கும். இங்கே மூன்றையும் ஒன்றாகப் பார்க்கிறோம், ஒன்றும் செய்யமுடியாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

எனக்குத் தூக்கம் போனது வேறொரு ஷாட்டால். அவள் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். கேமரா அவள் கண் இருக்கும் இடத்தில், நேர் செங்குத்தாகக் கீழே பார்க்கிறது. சுவரை ஒட்டி அந்த ஆளின் தலை. மெல்ல அவன் முகத்தை மேலே திருப்பி நம்மைப் பார்க்கிறான். அவ்வளவுதான். நூறு வருடத்துக்கு முந்தைய படம் என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன்.

கணவன் தெருவில் நிற்கும் காரை எடுத்துக்கொண்டு ஓட்டுகிறான், கார்க்காரரும் போலீஸும் இன்னொரு காரில் துரத்துகிறார்கள். அந்தத் துரத்தலை அவன் காரின் கண்ணாடிக்குள் காட்டுகிறார். சின்ன வட்டத்துக்குள் பெரிய கார் வளர்ந்துகொண்டே வருகிறது. தனி வீட்டில் மாட்டிக்கொண்ட குடும்பம், தொலைபேசி, ஓடிவரும் கணவன் என்ற சங்கதி புதிதல்ல, அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் 1909இலேயே அப்படியொரு படம் எடுத்துவிட்டார். பழைய கதையை எங்கே நின்று பார்ப்பது என்பதைத்தான் இந்தப் படம் மாற்றியது.

மார்ச் 4, மதியம் 1:20

ஒருவர் "உலகின் முதல் பெண் இயக்குநர்" என்று கீழே எழுதியிருக்கிறார். இல்லை. ஆலிஸ் கி பாரிஸில் 1896லேயே படம் எடுக்க ஆரம்பித்தவர். அமெரிக்காவுக்கு வந்து 1910இல் சொந்தமாக ஸ்டுடியோவே தொடங்கினார். வெபர் வேலை பழகிய கோமோன் கிளையை நடத்தியது ஆலிஸின் கணவர் ஹெர்பர்ட் பிளாஷே. வெபருக்குச் சொல்ல வேண்டிய பெருமை வேறு: முழு நீளப் படம் இயக்கிய முதல் அமெரிக்கப் பெண். அந்தப் படம்தான் மேலே சொன்ன 'தி மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்'. இன்று ஒரு பிரதியும் இல்லை.

தனி ஆளும் அல்ல அவர். யுனிவர்சல் கம்பெனியில் மட்டும் 1910களில் ஐடா மே பார்க், கிளியோ மேடிசன், ரூத் ஆன் பால்ட்வின், எல்ஸி ஜேன் வில்சன் என்று எத்தனையோ பெண்கள் இயக்கியிருக்கிறார்கள். நாடு முழுக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததே 1920இல்தான். அதற்கு முன்பே அந்தக் கம்பெனியின் ஸ்டுடியோ ஊரான யுனிவர்சல் சிட்டிக்கு வெபர் மேயராக இருந்தார். 1916இல் இயக்குநர்கள் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது. சங்கத்தில் ஒரே பெண் அவர்தான். கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்க வேண்டும். கூட வேலை செய்த ஆண் இயக்குநர்களுக்கு யார் இயக்குகிறார்கள் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

மார்ச் 5, இரவு 8:30

'ஹிப்போக்ரிட்ஸ்' பற்றிக் கேட்டிருந்தார்கள். 1915. ஒரு துறவி உண்மைக்கு நிர்வாணச் சிலை செய்கிறார், ஊரே சேர்ந்து அவரை அடித்துக் கொல்கிறது. பிறகு இந்தக் காலத்தில் ஒரு பாதிரியார், அவர் கனவில் அதே உண்மை ஒரு பெண்ணாக வந்து, கையில் கண்ணாடியோடு, அரசியல்வாதி வீடு, பணக்காரர் விருந்து என்று போய் நிற்கிறாள். மார்கரெட் எட்வர்ட்ஸ் என்ற பெண் உடையில்லாமல் நடித்தார். ஒரே ஃபிலிமில் இரண்டு முறை படம்பிடித்து அவளை ஆவிபோல ஊடுருவித் தெரிய வைத்திருக்கிறார்கள்.

ஒஹையோவில் தடை. பாஸ்டன் மேயர் ஒவ்வொரு பிரேமிலும் உடை வரைந்து தரச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அதே 1915இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சினிமா வெறும் வியாபாரம், அதற்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு மாற 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெபர் அதன் பிறகு தன் வாழ்நாள் முழுக்க அந்தத் தீர்ப்பின் கீழேதான் படம் எடுத்தார். ஒவ்வொரு மாநிலத் தணிக்கைக் குழுவும் இஷ்டத்துக்கு வெட்டலாம்.

படமாக எனக்கு இது பிடிக்கவில்லை. பிரசங்கம் படத்தை விழுங்கிவிடுகிறது.

மார்ச் 7, இரவு 11:50

'ஷூஸ்' பற்றி எழுத இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

1916. ஈவா என்ற பெண் மலிவு விலைக் கடையில் கவுன்டருக்குப் பின்னால் நாள் முழுக்க நிற்கிறாள். வாரம் ஐந்து டாலர். சம்பளத்தை அப்படியே அம்மா கையில் கொடுக்கிறாள். வீட்டில் மூன்று தங்கைகள். அப்பா வேலையில்லாமல் படுக்கையில் சாய்ந்து மலிவுப் பதிப்பு நாவல் படித்துக்கொண்டிருக்கிறார். அவளுடைய ஷூவின் அடி தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. அடுத்த வாரம் வாங்கலாம், அடுத்த வாரம் வாங்கலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

அவள் அட்டையில் பாதம் வரைந்து, கத்தரித்து, ஷூவுக்குள் வைக்கிறாள். வெபர் அதை அவசரமில்லாமல் காட்டுகிறார். கத்தரி போகும் வளைவு, அட்டையைத் திருப்பிப் பொருத்திப் பார்ப்பது. அப்புறம் மழை வருகிறது. அட்டை ஊறிக் கூழாகிறது. மறுபடி வேறு அட்டை. ராத்திரி வீட்டில் பாதத்தை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

என் சித்தி பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது வரை. உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, மேலே இருந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்து முதல் வேலை, பிளாஸ்டிக் வாளியில் கல்லுப்புப் போட்ட வெந்நீர். அவளுடைய ரப்பர் செருப்பின் வார் அறுந்துபோனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடியில் ஊக்கு ஒன்றைக் குறுக்கே குத்தி, வார் வெளியே வராமல் மாட்டியிருந்தாள். நடக்கும்போது சிமென்ட் தரையில் அந்த ஊக்கு கிரீச்சென்று உரசும். அந்தச் சத்தத்தை வைத்தே சித்தி வந்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வோம். ஒருமுறை ஊக்கு திறந்துகொண்டு குதிகாலில் ஏறியது. அப்போதும் புதுச் செருப்பு வாங்கவில்லை, இன்னும் கொஞ்சம் பெரிய ஊக்காகப் பார்த்து மாட்டினாள். 2021இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குள் சித்தி முழங்கால் வலியோடு வேலையை விட்டுவிட்டாள்.

அட்டையை அவள் கத்தரிக்கும் அந்த ஷாட் வந்தபோது எனக்கு அந்த உரசல் சத்தம் கேட்டது. சத்தமே இல்லாத படத்தில்.

கேள்வி கேட்டவருக்கு நான் சொல்ல நினைத்த உண்மையான பதில் இதுதான். வறுமையைக் காட்டத் தெரிந்த இயக்குநர்கள் அப்போது நிறையப் பேர் இருந்தார்கள். பனியில் விழும் அநாதை, வீட்டை விட்டுத் துரத்தப்படும் தாய் என்று காட்டினார்கள். ஒரு ஷூவின் அடிப்பாகத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு தனிக் கண் வேண்டும். அந்தக் கண் 'சஸ்பென்ஸ்' படத்தின் சாவியிலும் இருக்கிறது, ஐந்து வருஷம் கழித்து வரும் 'தி பிளாட்' படத்தின் கோழியிலும் இருக்கிறது. ஒரே கண்தான். கோழியைப் பற்றி அப்புறம்.

மார்ச் 8, காலை 7:10

நேற்று முடிவைச் சொல்லவில்லை. அவள் கடைசியில் ஷூவுக்காகத் தன்னைக் கொடுக்கிறாள், கேபரேயில் திரியும் ஒருவனிடம். போகும் முன் உடைந்த கண்ணாடியில் முகம் பார்த்துக்கொள்கிறாள். மறுநாள் புது ஷூவோடு வீட்டுக்கு வருகிறாள். அம்மா பார்த்ததும் புரிந்துகொள்கிறாள். அதற்குப் பிறகுதான் அப்பா வருகிறார், வேலை கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக.

படம் ஜேன் ஆடம்ஸ் எழுதிய நூலின் பக்கத்தோடுதான் தொடங்குகிறது. சிகாகோவின் ஏழைக் குடியிருப்பில் ஹல் ஹவுஸ் என்ற சமூகசேவை இல்லம் நடத்தியவர், 1931இல் அமைதிக்கான நோபல் பெற்றவர். ஒரு ஜோடி ஷூவுக்காக ஒரு பெண் விலைபோனதை அவர் எழுதியிருந்தார். வெபர் அந்தப் பெண்ணை ஒரு இடத்திலும் குற்றம் சொல்லவில்லை. பிரசங்கியாக இருந்தவர், பாவம் என்ற சொல் நாக்கு நுனியில் இருக்க வேண்டியவர், ஈவாவிடம் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

மார்ச் 8, இரவு 9:25

'ஷூஸ்' எப்படிப் பிழைத்தது என்று கேட்டவருக்கு: 1932இல் யுனிவர்சல் இந்தப் படத்தை எடுத்து, சின்னதாக வெட்டி, மேலே கேலிப் பேச்சு ஒட்டி, பழைய காலத்துப் படத்தைப் பார்த்துச் சிரிக்கும் நகைச்சுவைத் துண்டாக வெளியிட்டது. வெபர் அப்போது உயிரோடு இருக்கிறார், அதே ஊரில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ஐ திரைப்பட அருங்காட்சியகம் தன்னிடம் இருந்த பழைய பிரதிகளை வைத்துப் படத்தை மீட்டபோது, விட்டுப்போன காட்சிகளுக்கு அந்தக் கேலித் துண்டும் உதவியது. ஏளனம் செய்ய வெட்டி எடுத்தவர்கள் தெரியாமல் பாதுகாத்தும் வைத்திருக்கிறார்கள். 2014இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துவிட்டார்கள்.

மார்ச் 10, இரவு 10:40

'வேர் ஆர் மை சில்ட்ரன்?' பற்றி நான் ஒன்றும் சொல்லாமல் நழுவுகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரியான குற்றச்சாட்டு. நழுவத்தான் பார்த்தேன்.

1916. கருத்தடை பற்றிப் பேசுவதே, தபாலில் துண்டுப் பிரசுரம் அனுப்புவதே குற்றமாக இருந்த காலம். 1873இல் வந்த காம்ஸ்டாக் சட்டம் அது. மார்கரெட் சாங்கர் புரூக்ளினில் முதல் கருத்தடை நிலையத்தைத் திறந்து கைதானதும் இதே 1916இல்தான். அப்படிப்பட்ட நேரத்தில், ஏழைக் குடியிருப்பில் வேலை செய்யும் மருத்துவர் கருத்தடை நூல் விநியோகித்ததற்காக நீதிமன்றத்தில் நிற்பதை வெபர் படமாக்கினார். பென்சில்வேனியாவில் தடை செய்தார்கள், மற்ற ஊர்களில் கூட்டம் அலைமோதியது. எவ்வளவு துணிச்சல்!

ஆனால் அதே படம், ஏழைகள் பிள்ளை பெறாமல் இருந்தால் நல்லது, நல்ல குலத்துப் பணக்காரப் பெண்கள் பெறாமல் இருப்பது பாவம் என்றும் சொல்கிறது. கருக்கலைப்பு செய்துகொள்ளும் பணக்கார மனைவிகளை அது மன்னிக்கவே இல்லை. நல்ல விதை, கெட்ட விதை என்று மனிதர்களைப் பிரித்துப் பேசிய அந்தக் காலத்து நம்பிக்கை படம் முழுக்க ஓடுகிறது. "அந்தக் காலம் அப்படி" என்று முதலில் எழுதினேன், அழித்துவிட்டேன். அதே வருடம் ஈவாவின் பக்கத்தில் அவ்வளவு கனிவாக உட்கார்ந்தவர் இவர். ஈவாவின் அம்மாவுக்கு நான்கு பெண்கள். இந்தப் படத்தின் கணக்குப்படி அந்த நான்கு பேரும் பிறந்திருக்கவே வேண்டாம். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நெஞ்சில் கல் வைத்தது போல இருக்கிறது. நான் அவரை விரும்புகிறேன், இது சரியில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசிக் காட்சி மட்டும் தனியாக நிற்கிறது. கணவனும் மனைவியும் கணப்பு அடுப்பருகே உட்கார்ந்திருக்கிறார்கள், வருடங்கள் ஓடுகின்றன, பிறக்காத பிள்ளைகள் நிழலாக வந்து அவர்களைச் சுற்றி வளர்கிறார்கள். கருத்தை ஏற்காத எனக்கும் அந்த அறையின் வெறுமை தொண்டையை அடைத்தது.

மார்ச் 12, காலை 8:00

சரி, ஏன் விழுந்தார்? பலரும் சொல்வது, 1920களில் ஜனங்களின் ரசனை மாறியது, ஜாஸும் ஜாலியும் வந்தபின் யாரும் அறிவுரை கேட்கவில்லை, வெபர் பழசாகிப் போனார். நானும் வேறொரு இடத்தில் இப்படியே எழுதியிருக்கிறேன்.

மார்ச் 12, இரவு 11:30

காலையில் எழுதியது அரைகுறை. பகல் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

1917இல் அவர் சொந்தக் கம்பெனி தொடங்கினார், லாஸ் ஏஞ்சல்ஸில் சான்டா மோனிகா பொலிவார்டில் சொந்த ஸ்டுடியோ. கம்பெனியின் பெயர் லோயிஸ் வெபர் புரொடக்‌ஷன்ஸ், ஸ்மாலி பெயர் அதில் இல்லை. (கேள்வி கேட்டவர் இதையும் குறித்துக்கொள்ளலாம்.) 1920இல் ஃபேமஸ் பிளேயர்ஸ் லாஸ்கி, அதாவது பின்னாளைய பாரமவுன்ட், படத்துக்கு 50,000 டாலரும் லாபத்தில் பாதியும் தருவதாக ஒப்பந்தம் போட்டது. மூன்று படம் வெளியிட்டார்கள், பிறகு கைவிட்டார்கள். மீதிப் படங்கள் சின்ன விநியோகஸ்தர் ஒருவர் கைக்குப் போயின, 'தி பிளாட்' உட்பட.

அந்த வருடங்களில் பெரிய கம்பெனிகள் படம் எடுப்பதோடு நிற்கவில்லை. விநியோகம் அவர்கள் கையில், தியேட்டர் வரிசைகளும் அவர்கள் கையில். வெளியே இருப்பவர் எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும் போட இடமில்லை. வங்கிப் பணம் உள்ளே வந்தது, கணக்குப் பார்ப்பவர்கள் வந்தார்கள். பெண்களை இயக்குநர் நாற்காலியில் உட்கார வைப்பது திடீரென்று ஆபத்தான முதலீடாகிவிட்டது. யுனிவர்சலில் இயக்கிய அத்தனை பெண்களும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் மறைந்தார்கள். ரசனை மாறியதுதான் காரணம் என்றால், ஜாலிப் படம் எடுத்த பெண்களாவது தப்பியிருக்க வேண்டும். கதவை அடைத்த பிறகு "அவர்களே போய்விட்டார்கள்" என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதை நானும் நம்பி எழுதியிருந்தேன் என்பதுதான் எனக்கு வருத்தம்.

மார்ச் 15, இரவு 10:15

'தி பிளாட்' இந்த முறை அம்மாவோடு பார்த்தேன். 1921 படம். டைட்டில் கார்டு வரும்போதெல்லாம் நான் தமிழில் சொன்னேன். பாதிக்கு மேல் "நீ சொல்ல வேண்டாம், புரியுது" என்றுவிட்டாள்.

கல்லூரிப் பேராசிரியர் குடும்பம். படிப்பு, மரியாதை எல்லாம் உண்டு, சம்பளம் மட்டும் வீட்டுக்குப் போதாது. விரிப்பு நைந்து ஓட்டை, நாற்காலித் துணி கிழிசல். அடுத்த வீட்டில் ஷூ செய்து பணம் பார்த்த குடும்பம், அடுப்பில் எப்போதும் எதாவது வேகும். பேராசிரியர் மகளாக கிளேர் வின்ட்ஸர், அவளை விரும்பும் பணக்கார மாணவனாக லூயிஸ் கால்ஹெர்ன். அவளை விரும்பும் இன்னொருவர் ஏழைப் பாதிரியார். ஸ்டுடியோவுக்கு வெளியே நிஜ வீடுகளில், நிஜத் தெருக்களில் எடுத்த படம்.

அந்த மாணவன் வீட்டுக்கு வருகிறான். கொடுக்க ஒன்றுமில்லை. நாற்காலிக் கிழிசலை அவன் பார்த்துவிடக் கூடாது. அம்மா உடனே, "அந்தப் பக்கம் உட்கார வைக்கலாமே" என்றாள், திரையைப் பார்த்து.

இனிதான் கோழி. மகள் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறாள், நல்ல சாப்பாடு கொடுக்கச் சொல்கிறார்கள். அடுத்த வீட்டுச் சமையலறை ஜன்னலில் சமைத்த கோழி. பேராசிரியர் மனைவி தோட்டத்தைத் தாண்டிப் போகிறாள். கை நீள்கிறது. எடுத்துவிடுகிறாள். மகள் இதைத் தன் ஜன்னலிலிருந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்த நொடியில் தாய் மனசாட்சி உறுத்தித் திருப்பி வைக்கிறாள். மகள் அதைப் பார்க்கவில்லை.

"திருப்பி வச்சிட்டாளே! இவ பாக்கலையே!" அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம் படம் முடியும்வரை சாயவே இல்லை. அந்த மாணவன் யாருக்கும் தெரியாமல் அனுப்பிய கோழி மேஜைக்கு வரும்போது, இது திருட்டுக் கோழி என்று மகள் தொட மறுக்கிறாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா தனியார் கல்லூரியில் இருந்த நாட்களில், சம்பளம் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகும். விருந்தாளி வந்தால் அம்மா கொல்லைப்புறமாகப் போய் காபித்தூள் வாங்கிவருவாள், ஒரு கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு. எனக்கு அது தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. அன்று ராத்திரி அதைச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மார்ச் 16, காலை 6:30

எத்தனை படம் மிஞ்சியிருக்கிறது என்று கேட்டீர்கள். அவர் எடுத்தவை குறும்படங்களோடு சேர்த்து நூற்றுக்கு மேல். கிடைப்பது சொற்பம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 1912 முதல் 1929 வரை வந்த முழு நீளப் படங்கள் 10,919இல், வந்த வடிவிலேயே பிழைத்தவை வெறும் 14 சதவீதம். 'தி பிளாட்' கூட தொலைந்தது என்றுதான் நினைத்தார்கள். 1970களில் பிரதி கிடைத்தது, 1980களில் பேசாப்பட ஆய்வாளர்கள் கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் மீட்டார்கள். 1934இல் ஹவாய்த் தீவில் கரும்புத் தோட்டத்தை வைத்து எடுத்த 'ஒயிட் ஹீட்', அவருடைய கடைசிப் படம், ஒரே பேசும் படம், அதுவும் இல்லை. அவர் குரல்களை எப்படிக் கையாண்டார் என்பது இனி தெரியப்போவதில்லை.

1939 நவம்பரில் இறந்தார். கையில் பணமில்லை. இறுதிச் செலவை ஏற்றவர் ஃபிரான்சிஸ் மேரியன். திரைக்கதைக்காக இரண்டு முறை ஆஸ்கர் வாங்கியவர், 1914இல் வெபரிடம் உதவியாளராகச் சேர்ந்துதான் சினிமாவைக் கற்றவர். ஸ்மாலி இறந்ததும் அதே 1939தான், சில மாதம் முன்னால்.

மார்ச் 16, இரவு 9:50

கேள்வி கேட்டவர் 'ஷூஸ்' பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு வரிதான் எழுதியிருக்கிறார்: "அட்டை வெட்டுகிற இடத்தில் நிறுத்திவிட்டேன், நாளை தொடர்கிறேன்." அவசரமில்லை.

அம்மா இன்று காலை தோசை வார்க்கும்போது கேட்டாள். 'தி பிளாட்' கடைசியில் அந்த ஏழைப் பாதிரியார் தனியாக நடந்துபோகிறாரே, மகள் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாளே, அவள் யாரை நினைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று. படம் சொல்லவில்லை என்றேன். "சொல்லாட்டி என்ன, மறுபடி போடு, நான் பாத்துச் சொல்றேன்" என்றாள். சாப்பிட்டு முடித்ததும் போடப்போகிறேன்.